அன்னூர் யூனிட்டின் கேட் கேமரா

அந்தத் திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்து, கைப்பையை மேஜை மேல் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். அன்னூர் யூனிட்டின் சுவிட்ச் சிவப்பில் இருந்தது.

நான் வேலை பார்ப்பது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் இருக்கும் சின்ன நிறுவனம். மில்களுக்கும் கிளினிக்குகளுக்கும் நெட்வொர்க் போட்டுக்கொடுத்து, அதன் பிறகு இங்கே உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துக்கொள்வோம். சுவிட்ச் என்பது ஓர் இடத்தின் கேபிள்கள் எல்லாம் வந்து சேர்கிற பெட்டி. கம்ப்யூட்டர், கேமரா, கைரேகை வைக்கிற மெஷின், எடைமேடை எல்லாம் அதன் வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசும். அந்தப் பெட்டிக்கென்று தனியாக ஒரு முகவரி இருக்கும். அதைப் பிடித்துக் கோவையிலிருந்தே உள்ளே நுழைந்து, எந்தக் கேபிளைத் திறப்பது, எதை அடைப்பது என்று முடிவு செய்யலாம். அன்னூர் பெட்டி அன்றைக்கு என்னை உள்ளே விடவில்லை.

முதலில் கரண்ட் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். அந்தப் பக்கம் மழை வந்தாலே கரண்ட் போகும். ஆனால் காலை ஷிப்டு ஆட்கள் கைரேகை வைத்த விவரம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. எடைமேடைக் கம்ப்யூட்டரும் உயிரோடு இருந்தது. இரண்டும் அதே சுவிட்சில்தான் செருகியிருக்கின்றன. அப்படியானால் பெட்டிக்குக் கரண்ட் இருக்கிறது, கேபிளும் நன்றாக இருக்கிறது. நான் கூப்பிட்டால் மட்டும் பதில் இல்லை. அதற்கு முன்னால் இருக்கிற சுவிட்சுக்குள் போய் அங்கிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். அப்போதும் இல்லை. கேமரா பதிவாகிற ரெக்கார்டரும் தெரியவில்லை. மற்றதெல்லாம் ஓடும்போது, அந்தப் பெட்டியின் முகவரியும் ரெக்கார்டரும் மட்டும் சொல்லிவைத்தது போலக் காணாமல் போயிருந்தன.

இப்படித் தானாக நடக்காது. யாரோ செய்திருக்கிறார்கள் என்று அப்போதே தோன்றிவிட்டது. அதற்குள் பெரியவரிடமிருந்து போன் வந்தது.

அந்த மில் அண்ணன் தம்பி இரண்டு பேருடையது. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். தாத்தா காலத்தில் பருத்தி விதைத்தவர்கள், அப்பா காலத்தில் நூல் மில்லுக்கு மாறினார்கள். பெரியவர் ஊருக்குள் தலைமை அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறார். அன்னூர் யூனிட்டைப் பார்ப்பது சின்னவர். மில்லில் எல்லோருக்கும் அவர்கள் பெரியவர், சின்னவர்தான். எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

"ஏங் கண்ணு, அன்னூர்ல கேமரா ஒண்ணுமே தெரியமாட்டேங்குது. என்னன்னு கொஞ்சம் பாக்கறயா?"

"பாத்துட்டுத்தான் இருக்கறேனுங்க சார். இங்கிருந்து முடியாதாட்டம் இருக்குது. நேர்ல போகோணும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு, "தம்பி அங்கதான் இருப்பான். அவங்கிட்ட ரொம்பப் பேச்சுக் குடுக்க வேண்டாம். வேலைய முடிச்சுப்போட்டு வந்துரு" என்றார்.

எதற்காக அப்படிச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. சின்னவரின் மகள் இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அன்னூர் யூனிட்டில் நூல் அனுப்புகிற வேலையை அந்தப் பெண்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானம் மில்லிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, சத்தி ரோட்டில் கோவில்பாளையம் தாண்டி ஒரு டிப்பர் லாரியின் அடியில் போய்விட்டது. எனக்கு அவளைக் குரலாகத்தான் அதிகம் தெரியும். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிடுவாள். "அக்கா, இது உங்குளுக்கு மட்டும்தாங்க்கா பயப்படுது" என்பாள். துக்கம் விசாரிக்க எங்கள் முதலாளி போய் வந்தார். நான் போகவில்லை. என் பையனுக்குக் காய்ச்சல் என்று காரணம் சொன்னேன். காய்ச்சல் இருந்தது உண்மைதான்.

கணபதி, சரவணம்பட்டி என்று டிராபிக்கில் ஊர்ந்து கோவில்பாளையத்தைத் தாண்டும்போது ரோட்டோரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். ஒன்றும் இல்லை. செவ்வந்திப் பூ விற்கிற வண்டி ஒன்று நின்றிருந்தது.

மில் கேட்டில் வாட்ச்மேன் என்னைத் தெரிந்தும் நிறுத்தினார்.

"ஏனுங் அம்மணி, சின்ன மொதலாளி ஆரையும் கம்ப்யூட்டர் ரூமுக்கு உட வேண்டாம்னுட்டாருங்க."

"பெரியவர்தாங்க அனுப்புனாரு."

"அதுக்குத்தானுங்க உட வேண்டாம்னாரு."

சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டார். உள்ளே போன் போட்டுக் கேட்டார். பிறகு கேட்டைத் திறந்துவிட்டார்.

கம்ப்யூட்டர் ரூம் என்பது ஆபீசுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. ஏசியின் குளிரும், பஞ்சுத் தூசியின் வாசனையும். சின்னவர் அங்கே ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர் பாட்டில், மடித்த போர்வை ஒன்று. எப்போதும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருக்கிறவர். அன்றைக்கு வேட்டியும் பழைய டீசர்ட்டுமாக இருந்தார். கருமாதிக்கு எடுத்த மொட்டையில் முடி வெள்ளையாக முளைத்திருந்தது. முன்னால் ரெக்கார்டரின் மானிட்டர். அது பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நின்றது.

"வணக்கமுங்க" என்றேன். அது சொல்கிற இடமில்லை என்று சொன்ன பிறகு உறைத்தது.

"வா கண்ணு. அண்ணன் அனுச்சாரா, அழிக்கச் சொல்லி?"

"அழிக்கச் சொல்லலீங்க. சுவிட்சு கெடைக்கல, அதான் பாத்துட்டு வரச் சொன்னாரு."

"நாந்தான் எடுத்து உட்டேன்."

அவர் டெக்ஸ்டைல் என்ஜினியர் என்றாலும் இந்த வேலைகளில் ஆசை உள்ளவர். இந்த நெட்வொர்க் போட்டபோது கூடவே நின்று ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். சுவிட்சின் பாஸ்வேர்டு அவரிடமும் இருந்தது. ரெக்கார்டரின் பாஸ்வேர்டு மட்டும் தலைமை அலுவலகத்திலும் எங்களிடமும்தான்.

லேப்டாப்பை எடுத்து, கன்சோல் கேபிளைச் சுவிட்சின் முகத்தில் செருகினேன். வெளியிலிருந்து நுழைகிற வழியெல்லாம் அடைபட்டாலும், நேராகப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கேபிள் வழியாக உள்ளே போகலாம். போனதும் விளங்கிவிட்டது. பெட்டியின் முகவரி இருந்த வரி அழிக்கப்பட்டிருந்தது. ரெக்கார்டர் செருகியிருந்த வாய் மூடப்பட்டிருந்தது. வேறு எதையும் அவர் தொடவில்லை. மில் ஓட வேண்டியதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. நான் செய்திருந்தாலும் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க மாட்டேன்.

"புதுசாப் பதிவானாத்தானே பழசு அழியும்?" என்றார். "அதான் பதிவே ஆகக்கூடாதுன்னு மூடிப்போட்டேன். அங்கிருந்து ஆராச்சும் உள்ள வந்து அழிச்சுருவாங்கன்னு சுவிட்சு அட்ரசையும் எடுத்துட்டேன். அண்ணங்கிட்ட பாஸ்வேர்டு கேட்டேன் கண்ணு. தரமாட்டேன்னுட்டாரு. அதெல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சு, நீ ஊட்டுக்குப் போ, போயி அவளப் பாருன்னாரு." அவள் என்றது அவர் மனைவியை.

"என்ன பாக்கோணுமுங்க?"

பாட்டிலின் மூடியைத் திறந்து மறுபடி மூடினார்.

"அன்னிக்கு ஒரு லோடு மாறிப் போச்சு. நாப்பதாம் நம்பர் நூலு போற எடத்துக்கு முப்பது போயிருச்சு. தப்பு அவளோடதுதான். ஆனா அவ்வளவு பெரிய தப்பில்ல. திருப்பி வரவெச்சா முடிஞ்சுது. நான் கேட்டுக்கிட்ட நின்னு திட்டுனேன். எங்க ஊட்டுல தெலுங்கு. தெலுங்குல திட்டியிருந்தா அது ஊட்டோட போயிருக்கும். நான் தமிழ்ல திட்டுனேன் கண்ணு. லோடு ஏத்தறவங்க அல்லாருக்கும் கேக்கட்டும்னே திட்டுனேன். திட்டிப்போட்டு விருட்டுனு உள்ள வந்துட்டேன். அவ ஊட்டுக்குக் கெளம்பிட்டா."

நான் கீ போர்டிலிருந்து கையை எடுத்தேன்.

"போறப்ப திரும்பிப் பாத்தாளான்னு பாக்கோணும். அவ்வளவுதான். வாட்ச்மேனக் கேட்டேன். பாத்தாங்க சாமி, சிரிச்சுட்டுத்தான் போனாங்கன்னான். அவன் நல்லவன். அப்படித்தான் சொல்லுவான்."

பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று பெரியவர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அந்த அறையில் அவர் கேட்டதைச் செய்யாமல் எழுந்து வரக்கூடிய ஆளாக நான் இல்லை. ரெக்கார்டரின் பாஸ்வேர்டை அடித்தேன். அவர் சேரை முன்னால் இழுத்துக்கொண்டார். முழங்கால்கள் மேஜையில் இடித்தன.

கேட் கேமராவை எடுத்து, அந்தத் தேதியைத் தேடினேன். காலண்டரில் பதிவு இருக்கிற நாட்கள் நிறத்தில் இருக்கும், இல்லாத நாட்கள் வெறுமையாக இருக்கும். அந்த நாள் வெறுமையாக இருந்தது. அதற்கு அடுத்த நாளும். அதற்கு அடுத்ததும்.

ஒரு மாதத்துப் பதிவு நிற்கும் என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த வருஷம் குடோனுக்குப் புதிதாகக் கேமராக்கள் போட்டார்கள். அவையும் சேர்ந்து ஹார்டு டிஸ்க்கை நிறைத்ததில், நிற்கிற நாட்கள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டன. அவர் கருமாதி முடித்து, மில்லுக்கு வந்து, சுவிட்சில் கையை வைப்பதற்குள் அந்த நாள் போய்விட்டது. இல்லாத ஒன்றைத்தான் அவர் இங்கே காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இல்லீங்க" என்றேன்.

"செரியாப் பாரு."

"பாத்துட்டேனுங்க. அழிஞ்சுருச்சுங்க."

"இப்படிச் சொல்லச் சொல்லி அனுச்சாரா?"

எனக்குக் கோபம் வரவில்லை. மவுசை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். "நீங்களே பாருங்க."

பார்த்தார். அந்தத் தேதியைத் திரும்பத் திரும்ப அமுக்கினார். வேறு கேமராக்களில் தேடினார். ஆபீஸ் வாசல், குடோன், எடைமேடை. எதிலும் இல்லை. பிறகு, இருப்பதிலேயே பழைய நாளைத் திறந்தார். துக்கத்துக்காக மில் விடுமுறை விட்டிருந்த நாள் அது. கேட் பூட்டியிருக்கிறது. வாட்ச்மேன் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாய் வருகிறது, போகிறது. படத்தை வேகமாக ஓட்டாமல் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அடுத்த நாள், அதற்கடுத்த நாள். மறுபடி லாரிகள் வந்தன, ஆட்கள் வந்தார்கள். ஒரு நாள் காலை கேட்டுக்கு வெளியே ஒரு கார் நின்றது. மொட்டைத் தலையோடு ஒரு ஆள் இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உள்ளே வராமல் நின்றார்.

"இது ஆரு?" என்று கேட்டார் சின்னவர்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கே தெரிந்துவிட்டது.

அவர் சத்தம் போட்டு அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து போர்வையை எடுத்தார், அதை மறுபடி மடித்தார், கக்கத்தில் வைத்துக்கொண்டார். "செரி கண்ணு, நீ வந்த வேலையச் செய்யி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

செய்தேன். முகவரியை மறுபடி எழுதினேன், ரெக்கார்டரின் வாயைத் திறந்தேன், எல்லாவற்றையும் சேமித்தேன். அலுவலகத்துக்குப் போன் செய்து, அங்கிருந்து நுழைய முடிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். "பச்சை வந்துருச்சுக்கா" என்று சொன்னார்கள். மானிட்டரில் கேமராக்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. கேட் கேமராவில் சின்னவர் தெரிந்தார். வாட்ச்மேனின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். இப்போது அது பதிவாகிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது பாஸ்வேர்டைப் பற்றி யோசித்தேன். விதிப்படி சுவிட்சின் பாஸ்வேர்டை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை.

அடுத்த நாள் பெரியவரின் அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். அதுவும் ஆர்.எஸ்.புரம்தான், நடக்கிற தூரம். நடந்ததைச் சொன்னேன், ரெக்கார்டரைத் திறந்து காட்டியதையும் மறைக்கவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணுமே இல்லியா?"

"இல்லீங்க சார்."

"நல்லதாப் போச்சு." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் பாத்துட்டேன் கண்ணு. அன்னிக்கே. அவ எத்தன மணிக்குக் கெளம்புனான்னு போலீஸ் ஸ்டேசன்ல கேட்டாங்க. அதுக்காகக் கேமராவப் போன்ல எடுத்துப் பாத்தேன்."

நான் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். "திரும்பிப் பாத்தாங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"பாத்தா. கேட்டுக்கு வெளிய வண்டிய ஸ்டாண்டு போட்டு எறங்கிட்டா. துப்பட்டால மொகத்தத் தொடச்சுட்டு, ஆபீஸ் வாசலையே பாத்துட்டு நின்னா. ரொம்ப நேரம் கண்ணு. அப்பன் வெளிய வருவான்னு நின்னா. ஒரு லோடு லாரி வந்து ஆரன் அடிச்சுது, வாட்ச்மேன் அதுக்குக் கேட்டத் தொறக்கப் போயிட்டான். இவ வண்டிய எடுத்துட்டுப் போயிட்டா."

மேஜை மேல் கண்ணாடியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

"இத அவன் பாக்கோணுமா? சொல்லு. ரண்டு நிமிசம் அவன் வெளிய வந்திருந்தா அந்த டிப்பரு முன்னாடி போயிருக்கும். அத அவன் கணக்குப் போட மாட்டானா? நானே தெனமும் போடறேன். அதான் தானா அழியட்டும்னு உட்டுட்டேன். என்னை அவன் எதிரியா நெனச்சுக்கிட்டாலும் பரவால்ல."

தலையை மட்டும் ஆட்டினேன். படியிறங்கி வந்து ரோட்டோரத்தில் நின்றபோது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு கணம் தெரியவில்லை.

அதன் பிறகு ஐப்பசி மழையில் இரண்டு முறை அன்னூர் போனேன். ஒரு முறை இடி விழுந்து எடைமேடைப் பக்கத்துக் கேபிள் போய்விட்டது. சின்னவர் பெல்ட் போட்ட சட்டைக்குத் திரும்பியிருந்தார். முடி வளர்ந்து முழுக்க வெள்ளையாகியிருந்தது. நூல் அனுப்புகிற வேலையையும் அவரே பார்க்கிறார் என்று வாட்ச்மேன் சொன்னார். மகளின் அறையை அவர் மனைவி பூட்டி வைத்திருக்கிறாராம், இவரை உள்ளே விடுவதில்லையாம்.

இரண்டாவது முறை வேலையை முடித்து லேப்டாப்பை மூடும்போது அவர் அறை வாசலில் வந்து நின்றார். கையில் எனக்காக ஒரு டம்ளர் டீ.

"போலீசு டைம் கேட்டாங்கல்ல கண்ணு. அண்ணந்தான் சொல்லியிருக்காரு. பாத்துத்தானே சொல்லியிருப்பாரு?"

டீயை வாங்கிக்கொண்டேன். சூடு விரலில் ஏறியது. கீழே வைக்க இடம் இருந்தும் வைக்கவில்லை.

"உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

"திரும்பிப் பாத்தாங்களாமுங்க" என்றேன்.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். ஸ்பின்னிங் ஷெட்டின் இரைச்சல் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. பிறகு கேட்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் கெளம்பிட்டாங்களாமுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லாததை அவர் தெரிந்துகொண்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "செரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் குடிக்காத டீயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

அந்தத் தையில் எங்களுடைய பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்தது. அவர்கள் புதுப்பிக்கவில்லை. அண்ணனா தம்பியா, யார் வேண்டாம் என்று சொன்னார்கள் என்று எங்கள் முதலாளி விசாரிக்கவில்லை. அன்னூர் யூனிட்டை எங்கள் திரையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. நான்தான் எடுத்தேன். எடுக்கும் முன் ஒரு முறை அதைக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் வந்தது.